பழைய காரில் புதுப் பாட்டு

"இந்தக் காஸெட் ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டிவிடலாமே!" என்றேன். என் மனைவிக்கு வந்ததே கோபம்! குழந்தையாக இருந்த அவளுக்கு அவளுடைய தாயார் பாடிய தாலாட்டு ஒரு காஸெட்டில் இருக்கிறது. அம்மா இன்று இல்லை. அந்தக் காஸெட் பாடுவதற்கு எங்களிடம் மிஞ்சியிருப்பது காரிலுள்ள ஸ்டீரியோ ஒன்றுதான்.

மகளுக்கோ கைப்பேசியிலுள்ள பாட்டு வேண்டும்! இருவருக்கும் சமாதானம் செய்துவைத்தது புளூடூத். பிரிந்து கிடந்த டென்மார்க் மக்களை 10-ம் நூற்றாண்டில் ஒன்றுசேர்த்த அரசர் ஹரால்ட் புளூடூத்தின் பெயரல்லவா அதற்கு!

உங்கள் காரிலும் பழைய ஸ்டீரியோவா? முகப்பில் 'ஆக்ஸ்' துவாரம் இருந்தால் அதிர்ஷ்டம். சிறிய புளூடூத் ரிஸீவரை அதில் செருகினால் போதும். எங்கள் காரில் அது இல்லை. ஆகவே காஸெட் வடிவிலுள்ள புளூடூத் அடாப்டர் வாங்கினோம். அதற்குள் பாட்டு நாடா கிடையாது. அதிலுள்ள காந்தத் தலை, ஸ்டீரியோவின் தலைக்குக் காதோடு காதாகப் பாட்டைச் சொல்லிவிடுகிறது!

இரண்டுக்கும் வழியில்லையா? எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகுங்கள். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் நிலையம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, டிரான்ஸ்மிட்டரையும் ரேடியோவையும் அதிலேயே வையுங்கள். நிலையங்கள் நெருங்கிய நகரங்களில் கொஞ்சம் இரைச்சல் இருக்கலாம்.

எதுவானாலும், கைப்பேசியை இணைக்கும் வேலையை வண்டி கிளம்புமுன் முடித்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் போகும்போது மகளின் பாட்டு. திரும்பும்போது அடாப்டரை எடுத்துவிட்டு அந்தத் தாலாட்டு. அதைக் கேட்டு முதலில் தூங்கிவிடுவது யார் தெரியுமா? பாட்டியைப் பார்த்தேயிராத பேத்திதான்!