முதல் பருவம் முடியும் வரை: கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்



பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகள் கல்லூரியில் காலடி வைக்கும் காலம் இது. சிலர் கடலாடி, முதுகுளத்தூர் அரசுக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். சிலர் ஏர்வாடி வழியாகக் கீழக்கரைக்கும் இராமநாதபுரத்துக்கும் தினமும் பஸ் ஏறுகிறார்கள். மதுரை, திருச்சி, சென்னை என்று விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவர்களும் உண்டு. வாலிநோக்கத்தில் பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். வாப்பாவுக்குக் கடல் தெரியும், உப்பளம் தெரியும், சபுராளியாக இருந்தால் வளைகுடா தெரியும். செமஸ்டர், இன்டர்னல், அரியர் என்று பிள்ளை சொல்வது வீட்டில் யாருக்கும் விளங்குவதில்லை. அதனால் பிள்ளையும் சொல்வதை நிறுத்திவிடுகிறது.

படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகள் பெரும்பாலும் திடீரென்று விடுவதில்லை. முதலில் ஒரு வகுப்பு புரியாமல் போகும். கேட்க வெட்கமாக இருக்கும். பிறகு அந்த வகுப்புக்குப் போகாமல் இருக்கத் தோன்றும். வருகை குறையும், தேர்வு எழுத முடியாமல் போகும். "படிப்பு எனக்கு ஒத்துவரலை" என்று ஒரு நாள் பெட்டியுடன் ஊர் வந்து நிற்கும். இத்தனையும் பெரும்பாலும் முதல் பருவத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுதான். கஷ்டத்தை முதல் மாதத்திலேயே வாய் திறந்து சொல்லுங்கள். முதல் பருவம் முடியும் வரை படிப்பை விடுவது என்ற முடிவை எடுக்காதீர்கள்.

நம் கடற்கரையிலிருந்து போன ஒரு மாணவர்

இராமேஸ்வரத்தில் 1931 அக்டோபர் 15 அன்று பிறந்த அப்துல் கலாம் பின்னாளில் குடியரசுத் தலைவரானதை எல்லோரும் அறிவோம். அவர் மாணவராக இருந்தபோது பட்ட பாட்டை நம் பிள்ளைகளுக்கு நாம் அதிகம் சொல்வதில்லை. இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து தங்கிப் படித்தபோது அவருக்கு வீட்டு ஏக்கம் கடுமையாக இருந்தது. உம்மா செய்யும் போளிக்கு மனம் ஏங்கியது. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஊருக்கு ஓடினார். இராமநாதபுரத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் உள்ள தூரம்தான் அது. ஆக, வீட்டு நினைப்பில் அழுவது கோழைத்தனம் அல்ல. அது எல்லோருக்கும் வரும், சில வாரங்களில் குறையும்.

1950-ல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கினார். அவருடைய அறையில் இருந்த மற்ற இருவரில் ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், இன்னொருவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூவரும் நன்றாகவே பழகினார்கள். அங்கே இயற்பியல் பட்டம் முடித்த பிறகுதான் தனக்கேற்றது பொறியியல் என்று அவருக்குத் தெரிந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும், வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அங்கும் ஒரு சமயம் அவர் செய்த விமான வடிவமைப்பு வேலை போதவில்லை என்று பேராசிரியர் சீனிவாசன் கடிந்துகொண்டார். மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவெல்லாம் விழித்திருந்து முடித்துக் கொடுத்தார்.

வீட்டு ஏக்கம், பணமுடை, பொருந்தாத பாடம், ஆசிரியரின் கண்டிப்பு என்று இன்று நம் பிள்ளைகள் "விட்டுவிடலாமா" என்று நினைக்கும் காரணங்கள் எல்லாமே அவருக்கும் இருந்தன. வீடும் அவர் பக்கம் நின்றது.

வருகைப்பதிவு: 22 நாள் கணக்கு

பள்ளியில் ஒரு நாள் வராவிட்டால் ஆசிரியர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். கல்லூரியில் பெரும்பாலும் யாரும் துரத்தமாட்டார்கள். ஆனால் கணக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். பொதுவாக 75 சதவீத வருகை இருந்தால்தான் பருவத் தேர்வு எழுத விடுவார்கள். ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 90 வேலை நாட்கள். அப்படியானால் விடுப்புக்கு இடமிருப்பது 22 நாட்கள் மட்டுமே.

வெள்ளிக்கிழமையையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 90 நாளில் 18 வெள்ளி வரும். ஜும்ஆவுக்குப் போய்விட்டு மதிய வகுப்புக்குத் திரும்பாமல் இருந்தால் அரை நாளாக 9 நாட்கள் போய்விடும். மீதம் 13. அதில்தான் காய்ச்சல், கல்யாணம், சந்தனக்கூடு, சபுரில் இருந்து வாப்பா ஊர் வரும் நாள் எல்லாம் அடங்க வேண்டும். முஸ்லிம்கள் நடத்தும் கல்லூரிகளில் பெரும்பாலும் ஜும்ஆவுக்கேற்ப நேரம் வைத்திருப்பார்கள். மற்ற கல்லூரிகளில் முதல் வாரத்திலேயே நாலைந்து பேராகச் சேர்ந்து துறைத் தலைவரிடம் மரியாதையாக எழுதிக் கொடுங்கள். தொழுதுவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுவோம் என்பதையும் அதில் எழுதுங்கள், அதன்படி நடந்தும் காட்டுங்கள்.

உடல்நலமில்லாமல் விடுப்பு எடுத்தால் மருத்துவச் சான்றிதழை அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். பருவம் முடியும்போது தேடினால் பலன் இருக்காது.

மதிப்பெண் எப்படி வருகிறது

பல கலை அறிவியல் கல்லூரிகளில் 25 மதிப்பெண் இன்டர்னலுக்கு, 75 பருவத் தேர்வுக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பொறியியல் கல்லூரிகளில் எழுத்துப் பாடங்களுக்கு இது 40, 60 என்று உள்ளது. இன்டர்னல் என்பது பருவத்தின் நடுவே வைக்கும் சிறு தேர்வுகள், அசைன்மென்ட், செமினார் ஆகியவற்றுக்கான மதிப்பெண். கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படித்தாலும் தவறவிட்ட இன்டர்னலைத் திரும்பப் பெற முடியாது. முதல் சிறு தேர்வில் குறைந்தால் உடனே அந்த ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

ஒரு பாடத்தில் தவறிவிட்டால் அதுதான் அரியர். அது படிப்பின் முடிவு அல்ல. அடுத்து வரும் தேர்வில் அந்தப் பாடத்தை மட்டும் எழுதித் தேறலாம். வீட்டில் மறைத்தால்தான் ஒன்று நாலாகிவிடும்.

ஆங்கிலம்

நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் மாதம் ஒன்றுமே ஓடாது. இது அறிவுக் குறைவு அல்ல, பழக்கக் குறைவு. ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் குறைவுதான். ஒரு நோட்டில் தினமும் பத்துச் சொற்களை எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் வகுப்பு காதில் ஏறத் தொடங்கும். தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உள்ள பாடங்களும் உண்டு. உங்கள் பாடத்துக்கு உண்டா என்று துறையில் கேளுங்கள். எம்.ஐ.டி.யில் படித்த காலத்தில் கலாம் தமிழில் கட்டுரை எழுதித்தான் போட்டியில் முதல் பரிசு பெற்றார். தமிழில் சிந்திப்பது யாரையும் பின்னுக்குத் தள்ளாது.

விடுதியும் பஸ்ஸும்

விடுதியில் சேர்பவர்கள் சாப்பாடு, தொழுகை இரண்டையும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஹலால் இறைச்சி இல்லாத இடத்தில் சைவ மெஸ் இருக்கும். அருகிலுள்ள பள்ளிவாசல் எது, நோன்பு மாதத்தில் சஹருக்கு என்ன ஏற்பாடு என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள். அறையில் இருக்கும் மற்ற பிள்ளைகளிடம் உங்கள் பழக்கத்தைச் சொல்லுங்கள், அவர்கள் பழக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரப் பிள்ளைகளோடு மட்டுமே சுற்றாதீர்கள். நாளை வேலைக்குப் பரிந்துரை சொல்வதும், நோட்ஸ் தருவதும் அறை நண்பர்கள்தான்.

தினமும் பஸ்ஸில் போய்வருபவர்களுக்கு அலைச்சல்தான் பெரிய சோதனை. மாலையில் வீடு வந்து படுத்தால் எழ முடியாது. கல்லூரி நூலகத்தில் ஒரு மணி நேரம் இருந்து அன்றைய பாடத்தை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவது நல்லது. உம்மாமார்கள் அந்த ஒரு மணி நேரத்தைச் சந்தேகமாகப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

பணம்

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல் நடக்கிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் வருகிறார்கள். இரண்டுக்கும் கல்லூரி வழியாகவே பதிய வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும்.

முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. அதற்கும் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழ் தேவை. வருமானச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்தபின் கல்லூரி திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. டி.சி. கொடுக்கும் முன் நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைச்செலவுக்காகச் செல்போன் செயலிகளில் கடன் வாங்காதீர்கள். வட்டி நமக்கு ஆகாது என்பது ஒருபுறம். வாங்கிய பிறகு அவர்கள் மிரட்டும் முறை குடும்பத்தையே கலங்க வைக்கும். ஏற்கனவே சிக்கியிருந்தால் மறைக்காமல் வீட்டில் சொல்லிவிட்டு, இணையவழி மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

ராகிங், தொல்லை, மனச்சோர்வு

1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தமிழகம் மறக்கவில்லை. அதன்பின் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "சீனியர்கள் விளையாடுறாங்க" என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இலவச எண் 1800-180-5522 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அடுத்த ஆண்டு சீனியராகப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

மாணவிகளுக்குத் தொல்லை நேர்ந்தால் விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181. தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் 14416-ஐ அழைத்துப் பேசலாம், கட்டணமில்லை. துஆவும் செய்வோம், மருத்துவமும் பார்ப்போம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

பெற்றோர்களே, உங்களுக்கு

போனில் "சாப்பிட்டியா, நல்லா படிக்கிறியா" என்று மட்டும் கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எந்தப் பாடம் புரியலை? யார்கிட்ட கேட்டே?" என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை வருகை சதவீதத்தைக் கேளுங்கள். வகுப்புப் பொறுப்பாசிரியரின் எண் உங்களிடம் இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வாப்பா சபுரில் இருந்தால் உம்மா போகலாம், மாமா போகலாம். நமக்குப் படிப்பில்லையே என்று தயங்க வேண்டாம்.

"உன்னை நம்பித்தான் குடும்பமே இருக்கு" என்று தினமும் சொல்வது பிள்ளைக்குச் சுமை. "கஷ்டமா இருந்தா வந்துரு" என்று முதல் வாரமே சொல்வதும் உதவியல்ல. "சொல்லு, என்ன செய்யலாம்னு பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. நம் ஊரில் ஒரு பையன் அரியர் வைத்தால் "அடுத்த தடவை எழுதுவான்" என்கிறோம். பெண் பிள்ளை ஒரு கஷ்டத்தைச் சொன்னால் "போதும், நிறுத்திடலாம், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்கிறோம். அதனால்தான் அவர்கள் பஸ்ஸில் நடந்த தொல்லையையும் புரியாத பாடத்தையும் சொல்லாமல் மனதில் பூட்டி வைக்கிறார்கள். சொன்னால் படிப்பு போய்விடும் என்ற அச்சம் இருக்கும் வரை எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது. சொன்னதற்காகப் படிப்பை நிறுத்தமாட்டோம் என்ற வாக்கை இன்றே உங்கள் மகளுக்குக் கொடுங்கள்.

பாடம் உண்மையிலேயே பொருந்தவில்லை என்றால் சேர்க்கை முடியும் முன் துறை மாற இடமிருக்கிறதா என்று முதல்வர் அலுவலகத்தில் கேட்கலாம். இல்லையென்றாலும் பட்டம் முடித்துவிட்டு வேறு திசைக்குத் திரும்பலாம்.

படிவம் நிரப்ப, சான்றிதழ் வாங்க, கல்லூரியில் பேச யாரும் இல்லையென்றால் நம் அறக்கட்டளைக்கு வாருங்கள். கட்டணம் கட்ட முடியாத நிலை என்றால் கடைசித் தேதிக்கு முன்பே சொல்லுங்கள். வெளியே தெரியாமல் செய்ய முடிந்ததைச் செய்வோம். ஏற்கனவே படித்து முடித்த நம்மூர் காக்காமார்களும் ராத்தாமார்களும் ஆளுக்கு ஒரு புதிய பிள்ளையின் எண்ணை வாங்கி, வாரம் ஒருமுறை பேசினால் அதுவே பெரிய தர்மம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன் தரும் கல்வியை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.