மண்ணும் மருந்தும் – 9: சோதனைச்சாவடியில் நின்றுபோகும் தடை

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டத்திலும் நெல் விளைகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் மதில் முடிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி வரப்பு தொடங்கிவிடும். பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போக, பெற்றோர் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே உண்டு. உரக்கடையில் வாங்கிய பூச்சிமருந்தில் அடித்தது போக மிச்சம், அடுத்த பட்டம் வரை வீட்டிலேயே கிடக்கும். வயலில் கால் வைக்காதவர் கைக்கும் அது எட்டும். தெளிப்பவர்களுக்கு நேரும் பாதிப்பைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த மிச்ச மருந்தால் வீட்டுக்குள் போகும் உயிர்களைப் பற்றியது இந்த வாரம். கொடிய நஞ்சுள்ள மருந்துகளைச் சந்தையிலிருந்தே விலக்குவது, தடுப்பூசி போடுவதைப் போன்ற ஒரு பொதுச் சுகாதார நடவடிக்கை. அதை முழுமையாகச் செய்யும் அதிகாரம் தமிழ்நாட்டிடம் இல்லை என்பதுதான் என் கவலை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர். நாட்டளவில் ஏறக்குறைய கால்வாசி மரணங்களுக்கு நஞ்சு காரணம். ‘சாகத் துணிந்தவரை எதைக் கொண்டு தடுப்பது? இது இல்லாவிட்டால் இன்னொரு வழி’ என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த முயற்சிகளில் பல நீண்டநாள் திட்டத்தால் வருபவை அல்ல. ஒரு சண்டையின், ஒரு அவமானத்தின் சூட்டில், சில நிமிடங்களில் நடந்துவிடுபவை. அந்த நேரத்தைக் கடந்து பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. இதற்கு இலங்கையே சாட்சி. அங்கே 1984இல் பாரத்தியானும், 1995இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட மிகக் கொடிய வகைகளும், 1998இல் எண்டோசல்ஃபானும், 2008இலிருந்து மேலும் மூன்று மருந்துகளும் விலக்கப்பட்டன. 1995இல் லட்சத்துக்கு 47 என்றிருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்தது. சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வேறு வழிகளை நாடியவர்கள் சற்றுக் கூடினார்கள் என்பது உண்மை. ஆனாலும் மொத்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை. வந்தவர்களில் வீடு திரும்பியவர்கள் கூடினார்கள்.

விளைச்சல் விழுந்துவிடும் என்பது அடுத்த அச்சம். இலங்கையில் பயிர் விளைச்சலை ஆராய்ந்தவர்கள், தடைக்குப் பிறகு அப்படி வீழ்ச்சி எதையும் காணவில்லை. நம் மாவட்டத்திலேயே திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிகேஎம் 13 ரகத்தைத் தந்தது அதுதான். விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி, வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவை உழவர்களுக்குப் புதியவையும் அல்ல. மாற்று வழி வயலுக்கு வந்து சேரும்படி செய்வது அரசின் பொறுப்பு. அந்தச் செலவை உழவர் தலையில் கட்டக் கூடாது. ‘தடை எதற்கு? பூட்டி வைத்தால் போதாதா?’ என்ற யோசனையும் உண்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஊருக்குப் பொதுவான மருந்துப் பெட்டகம் அமைத்துச் சிறிய அளவில் சோதித்தார்கள். மக்களிடம் அதற்கு வரவேற்பு இருந்தது. ஆனால் இலங்கையின் அனுராதபுரத்தில் 180 கிராமங்களில், வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வெளியானபோது, அதனால் பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை. சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது பூட்டினால் என்ன பயன்?

1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவால் 100க்கும் மேற்பட்டோர் இறந்த துயரத்தின் விளைவாகவே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. அதன் 27ஆம் பிரிவின்படி மாநில அரசு ஒரு மருந்தை 60 நாள் தடைசெய்யலாம். விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள். அவ்வளவுதான். 2023இன் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கத்தோடு ஆறு மருந்துகளுக்குத் தடை விதித்தபோது, அதன் ஆயுள் 60 நாளாக இருந்ததற்கு இதுவே காரணம். ஒரு நெற்பட்டத்தின் காலம்கூட அது நீடிக்கவில்லை. நீடித்தாலும், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர் சோதனைச்சாவடியைக் கடந்து தடாவுக்குள் நுழைந்தால் அந்த ஆணை செல்லாது. ஆந்திரக் கடையில் சட்டப்படி விற்பதை இங்கே எந்த அதிகாரி எப்படித் தடுப்பார்? ஆகவே தடை நாடு முழுவதற்குமானதாக இருக்க வேண்டும். அது முடியாததும் அல்ல: 2023இல் மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசலைத் தடைசெய்தது. பீகாரின் சரண் மாவட்டத்தில் இதே மருந்து கலந்த மதிய உணவால் 23 குழந்தைகள் இறந்து அதற்குள் பத்தாண்டுகள் ஓடியிருந்தன.

வேளாண்மையும் பொதுச் சுகாதாரமும் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் இருப்பவை. அப்படியிருக்க, மக்களின் உயிரைக் காக்க மாநிலம் விதிக்கும் தடைக்கு 90 நாளில் ஆயுள் முடிவது பெரும் குறை. 27ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும். எந்த மருந்து சந்தையில் இருக்கலாம் என்று முடிவெடுக்கும்போது, பூச்சி எவ்வளவு செத்தது என்பதோடு மனிதர் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கும் மேசைக்கு வர வேண்டும். திருவள்ளூரின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைத் தங்கள் தொகுதிப் பிரச்சினையாக எடுத்துப் பேச வேண்டும். வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மனம் தாளாத வேளையில் இருப்பவர் நீங்களாயினும் உங்கள் வீட்டவராயினும், 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். அந்தச் சில நிமிடங்களைக் கடந்துவிட்டால் வாழ்க்கை மிச்சமிருக்கிறது.