நெற்பயிரின் பரம்பரையலகு ஆளிகளும் இலைக்கருகல் எதிர்ப்பும்

கல்முனையிலிருந்து நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் ஊடாக வினாயகபுரம் வரையுள்ள அம்பாறைக் கரையோர ஊர்களில் ‘வேளாண்மை’ என்னுஞ் சொல் பெரும்பாலும் நெற்செய்கையையே குறிக்கும். பொதுச்சொல் ஒன்று ஒரு பயிருக்கே உரியதாகிவிட்ட இப்பகுதியில், நெல்லைத் தாக்கும் நோய் தாவரவியலாரின் ஆய்வுப்பொருளாக மட்டும் இருத்தல் இயலாது. பற்றீரியா இலைக்கருகல் என்னும் நோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பரம்பரையலகுகள் எவ்வாறு இயக்கப்படுகின்றன என்பதையும், அவ்வியக்கத்தைத் திருத்தி நோயெதிர்ப்பை உண்டாக்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோயின் இயல்பு

இந்நோய் 1884 ஆம் ஆண்டில் யப்பானில் முதன்முதல் அறியப்பட்டது. இதனை விளைவிப்பது ‘சாந்தோமோனாசு ஒரைசே’ என்னும் பற்றீரியாவாகும். இலை விளிம்பிலுள்ள நீர்த்துளைகள் வழியாகவும், காற்றினால் இலைகள் உராய்ந்து ஏற்படும் காயங்கள் வழியாகவும் அது உட்புகுந்து, நீரைக் கடத்தும் காழ்க்கலன்களிற் பெருகுகின்றது. இலை நுனியிலிருந்து வெளிறிக் காய்ந்துவரும். மழையும் காற்றும் மிகுந்த பெரும்போகக் காலமும், அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் இதற்குத் துணைபுரிகின்றன. பங்கசு நோய்களுக்கு மருந்து தெளிப்பதுபோல இதற்குத் தெளித்து நிச்சயமான பயன் காண்பதற்கில்லை. ஆகவே எதிர்ப்புள்ள விதையே முதன்மையான காப்பாகின்றது.

2. ஆளியைத் திறக்கும் பற்றீரியா

நெற்பயிரின் ஒவ்வொரு கலத்திலும் எல்லாப் பரம்பரையலகுகளும் உள்ளன. ஆயினும் எல்லாம் எப்போதும் இயங்குவதில்லை. ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் முன்னால், அது எங்கே, எப்போது, எவ்வளவு இயங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டி.என்.ஏ. பகுதி ஒன்று உண்டு. இதனை ஆளிப்பகுதி எனலாம். புரதத்தை ஆக்கும் பகுதி மாறாதிருக்க, ஆளிப்பகுதி மட்டும் மாறுவதனாலேயே உயிரினங்களிடையே பல வேறுபாடுகள் தோன்றியுள்ளன.

நெல்லில் ‘சுவீற்’ என்னும் பரம்பரையலகுக் குடும்பம் வெல்லத்தைக் கலத்திலிருந்து வெளியே கடத்தும் புரதங்களை ஆக்குகின்றது. பயிருக்கு இவை இன்றியமையாதன. இலைக்கலங்களில் இவற்றுட் சில அடங்கியே இருக்கும். பற்றீரியா செய்வது இதுதான்: தானாக்கிய ‘டால்’ வகைப் புரதத்தைத் தாவரக் கலத்துட் செலுத்துகின்றது. அப்புரதம் கலக்கருவை அடைந்து, சுவீற் பரம்பரையலகின் ஆளிப்பகுதியிற் பொருந்தி, அதனைத் திறந்துவிடுகின்றது. வெளியேறும் வெல்லம் பற்றீரியாவுக்கு உணவாகின்றது. பூட்டிய களஞ்சியத்தை உடைக்காமல், அதன் திறப்பைப் போன்ற மற்றொன்றைச் செய்து திறக்கும் கள்வனின் செயல் இது.

டால் புரதத்தில் ஏறத்தாழ 34 அமினோவமிலங்கள் கொண்ட அலகுகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அலகின் 12 ஆம், 13 ஆம் இடங்களிலுள்ள இரு அமினோவமிலங்களே டி.என்.ஏ.யின் எவ்வெழுத்தை அது பற்றும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இவ்விதி 2009 இல் கண்டறியப்பட்டது.

3. இயற்கை தந்த எதிர்ப்பு

சில நெல்லினங்களில் ‘எக்சு.ஏ. 13’ எனப்படும் எதிர்ப்பு உண்டு. அதன் காரணம் 2006 இல் வெளிப்பட்டது. அங்கே புதிய பரம்பரையலகு எதுவும் இல்லை. சுவீற் 11 இன் ஆளிப்பகுதியே மாறியுள்ளது. திறப்புப் பொருந்தாமையால் பற்றீரியா பட்டினியாகின்றது. அப்பரம்பரையலகை முற்றாக ஒடுக்கினால் மகரந்தம் பழுதாகி மலட்டுத்தன்மை நேரும். ஆகவே வெல்லக் கடத்தியை அழிக்காது ஆளியை மாற்றுவதே பொருத்தமான வழி என்பதை இயற்கையே காட்டியுள்ளது.

‘எக்சு.ஏ. 21’ வேறு வகையினது. கலத்தின் மேற்பரப்பிலிருந்து பற்றீரியாவை இனங்காணும் புரதத்தை அது ஆக்குகின்றது. ஆபிரிக்கக் காட்டு நெல்லொன்றிலிருந்து பெறப்பட்ட இதன் அமைப்பு 1995 இல் வெளியிடப்பட்டது. ஐதராபாத்திலுள்ள ஆராய்ச்சி நிறுவனங்கள் இவ்விரண்டையும் ‘எக்சு.ஏ. 5’ என்பதையும் இனக்கலப்பின் மூலம் சம்பா மசூரியிற் சேர்த்தன. டி.என்.ஏ. அடையாளங்களைக் கொண்டு வழித்தோன்றல்களைத் தெரிந்தெடுத்து உருவாக்கிய அத்திருந்திய இனம் 2008 இல் வெளியிடப்பட்டது.

4. திருத்தி எழுதிய ஆளி

பற்றீரியாவின் படைக்கலமே மனிதனின் கருவியுமாயிற்று. டால் புரதத்தோடு டி.என்.ஏ.யை வெட்டும் நொதியத்தை இணைத்து, 2012 இல் சுவீற் 14 இன் ஆளிப்பகுதியைத் திருத்தினர். 2019 இல் ‘கிரிசுப்பர்’ முறையினால் சுவீற் 11, 13, 14 ஆகிய மூன்றின் ஆளிப்பகுதிகளும் ஒரே பயிரில் திருத்தப்பட்டன. ஐ.ஆர். 64 முதலிய இனங்கள் இவ்வாறு பரந்த எதிர்ப்பைப் பெற்றன.

5. எஞ்சியுள்ள வினா

இதனால் நோய் ஒழிந்தது என்று கொள்வது தவறாகும். சுவீற் 11 ஐ மட்டும் காத்தால், சுவீற் 14 ஐத் திறக்கும் பற்றீரிய வகை அதனை வெல்லும். 2019 இல் தன்சானியாவில் ஆசிய வகையை ஒத்த பற்றீரியா தோன்றியபோது, அங்கு முன்னர் இல்லாத திறப்புகளை அது கொண்டிருந்தது. பயிரும் பற்றீரியாவும் ஒன்றையொன்று தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரே எதிர்ப்பைக் கொண்ட ஒரே இனத்தைப் பரந்த வட்டைகளெங்கும் விதைப்பது, அதனை வெல்லும் பற்றீரியாவை நாமே தெரிந்தெடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆதலின் எவ்விதையைக் கொள்வது என்பதற்கு முன், நம் வயல்களிலுள்ள பற்றீரியா எவ்வாளிகளைத் திறக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். நோயுற்ற இலைகளைப் போகந்தோறும் திரட்டி ஆராய்வதற்குப் பத்தலகொடை, சம்மாந்துறை நெல் ஆராய்ச்சி நிலையங்களும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் தக்க இடங்களாகும். அவ்வறிவு கிட்டும்வரை யூரியாவை அளவோடும் பிரித்தும் இடுதல், நோயற்ற வயலின் விதையைக் கொள்ளுதல், ஒரே இனத்தை எங்கும் விதையாதிருத்தல் ஆகியன உழவர் கையிலுள்ள காப்புகளாகும். ஆளிகள் திருத்தப்பட்ட விதைகள் வந்த பின்னரும் இவை வேண்டப்படுவனவே.