ஒரே புள்ளி, ஐந்து தளம்

நண்பரைச் சந்திக்க சிங்கப்பூரிலேயே சிரமமான இடம் எது? என்னைக் கேட்டால் டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையம் என்பேன். கைப்பேசி வரைபடத்தில் இருவரின் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

“நான் வந்துட்டேன், நீ எங்கே?”

“நானும் அங்கேதான் நிக்கிறேன்!”

இருவர் சொல்வதும் உண்மை. ஒருவர் கட்டண வாயிலருகே, மற்றவர் அவர் காலுக்கடியில் ரயில் மேடையில்.

1987இல் வடக்கு-தெற்குப் பாதை, 2003இல் வடகிழக்குப் பாதை, 2010இல் வட்டப்பாதை என்று வளர்ந்த நிலையம் இது. நிலத்தடியில் ஐந்து தளங்கள். வரைபடமோ தட்டையானது. துணைக்கோள் சமிக்ஞை மண்ணுக்குள் இறங்காது. கீழே போனதும் கைப்பேசி, அருகிலுள்ள அருகலை, தொலைபேசிக் கோபுரங்களை வைத்துத் தோராயமாகக் கணிக்கிறது. திரையில் தெரியும் புள்ளி மட்டும் அதே உறுதியோடு மின்னும்.

என் அம்மா அந்தப் புள்ளியை நம்புவதில்லை. “நகரும் நடைபாதை முடிஞ்சு, முகத்துல குளிர்காத்து அடிக்குமே, அங்க நில்லு” என்பார். அவர் ஒருநாளும் தவறியதில்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு தளம் தவறி இறங்குவது சின்ன விஷயமல்ல. ஆனால் வழி கேட்கும் முதியவரிடம் “ஆப்ல பாருங்க ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

நகரத்தையே முப்பரிமாணத்தில் கணினிக்குள் கட்டும் ‘மெய்நிகர் சிங்கப்பூர்’ திட்டம் 2014இல் அறிவிக்கப்பட்டது. செலவு 73 மில்லியன் வெள்ளி. முதியோருக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் தடையற்ற வழி காட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. நல்ல நோக்கம். குளிர்காற்று அடிக்கும் இடத்தையும் அதில் குறித்தால் அம்மாவுக்குப் பிடிக்கும்.

காணாத இடத்தை மனத்தில் கட்டுவது வானொலிக்காரர்களுக்குப் பழைய சங்கதி. நிலையத்துக்கு எதிரே, 1939இல் திறந்த கேத்தே கட்டடத்திலிருந்து போருக்கு முன்பே ஒலிபரப்பு நடந்தது. இன்று அதன் முகப்பு மட்டுமே பழையது. உள்ளே எல்லாம் 2006இல் திறந்த புதுக் கட்டடம். என் நேயர் ஒருவர், நான் பேசும் அறை கடல் தெரியும் பெரிய கூடம் என்று நினைத்திருந்தாராம். அதில் சன்னலே இல்லை.

டோபி காட் என்ற பெயரும் அப்படித்தான். சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த ஓடை இன்று மூடிய கால்வாய். ‘காட்’ என்றால் படித்துறை. இப்போது அங்கே இருப்பவை மின்படிகள்.