மலைநாட்டு இல்லறம் - 9: காலை அடுப்பு

பள்ளி நாட்களின் காலை வேளையில் வீடுதோறும் எழும் பரபரப்பைத் தணிப்பதற்காகச் சமவெளியில் சொல்லப்படும் உபாயங்களில் பாதி, சேர்வராயன் மலைமீது ஏறியதும் பயனற்றுப் போகின்றன. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலும், தலைச்சோலை முதலிய சுற்றுக் கிராமங்களிலும், முன்னிரவில் அரைத்து வைத்த இட்லி மாவு மார்கழிக் குளிரில் விடிந்தும் பொங்காமல் அப்படியே கிடக்கும். அந்த உயரத்தில் நீர் 100 பாகைக்குப் பதிலாக ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் ஏற்றிய பருப்பு வேகவும் அதிக அவகாசம் பிடிக்கும். மூடுபனியில் நனைந்த விறகு புகையுமேயன்றி எளிதில் பற்றாது.

இத்தனை சிரமங்களுக்கும் நடுவே, கார்த்திகை தொடங்கி மாசி வரை காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், பொழுது புலர்ந்ததும் தோட்டத்துக்குப் புறப்பட வேண்டிய தாய், தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டி, உண்பித்து, பள்ளிக்கு அனுப்பவும் கடமைப்பட்டிருக்கிறாள். அவளிடம் போய் இன்னும் ஒரு நாழிகை முன்னதாக எழுந்திரு என்று போதிப்பது, ஏற்கெனவே குறைந்துள்ள அவளுடைய நித்திரையைப் பறித்து நம் சௌகரியத்துக்குக் கணக்குத் தீர்ப்பதேயாகும் என்பது என் திடமான அபிப்பிராயம். அவளுக்கு வேண்டுவது வேலைப்பளுவில் ஒரு பகுதியேனும் வீட்டை விட்டு வெளியேறுவதுதான்.

அப்படி ஒரு பகுதி மெய்யாகவே வெளியேறியிருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், முதற்கட்டமாக 1,545 அரசுப் பள்ளிகளில் 1,14,095 குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டபோது, தொலைதூர, மலைப்பகுதிப் பள்ளிகள் 237ஐயும் அவற்றில் பயின்ற 10,161 குழந்தைகளையும் அது பின்னுக்குத் தள்ளிவிடவில்லை. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் நிகழ்ந்த விரிவாக்கத்தால் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவும் இதற்குள் வந்தன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகையாக, காய்கறிச் சாம்பாருடன், வகுப்புத் தொடங்குமுன்னரே பரிமாறப்படுகிறது. தலைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, அன்றி அவ்வட்டாரத்தில் விளையும் சிறுதானியம் என்பது விதி. சாமையும் கேழ்வரகும் மலையாளிப் பழங்குடியினரின் பரம்பரை உணவாக விளங்கும் இம்மலையில் அந்த மூன்றாவது வழியை அதிகாரிகள் தாராளமாக உபயோகித்தல் நன்று.

நூற்றுக்கணக்கான அடுப்புகளில் தனித்தனியே நடந்த காரியத்தை ஒரே அடுப்பில் ஒன்றுகூட்டிய இவ்வேற்பாட்டில் நான் பெரிதும் மதிப்பது, சமைப்போர் மகளிர் சுயஉதவிக் குழுவினராகவும், அப்பள்ளியிலேயே தம் பிள்ளை பயிலும் தாய்மாராகவும் இருப்பதையே. தன் பிள்ளை உண்ணும் உணவில் எந்தத் தாயும் அசிரத்தை காட்டமாட்டாள். ஆயினும் ஊரார் வீட்டுக் காலைகளை இலகுவாக்குவதற்காக அவள் தன் வீட்டுக் காலையை இருளிலேயே தொடங்குகிறாள் என்பதை மறந்து, அவளது ஊதியத்தைச் சேவை என்ற பெயரால் சுருக்குவது நியாயமன்று.

எஞ்சிய வேலைகளில் சில இரவுக்கு மாறலாம்: பருப்பை ஊறவைத்தல், மாவுப் பாத்திரத்தைத் தணல் அவிந்த அடுப்பின் கதகதப்பில் வைத்தல், மறுநாளைக்கான விறகை அடுப்பங்கரையிலேயே உலர்த்துதல், புத்தகப் பையையும் சீருடையையும் எடுத்து வைத்தல் ஆகியவை. நீர் கொணர்வதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் தந்தையின் கைக்கு மாற வேண்டும்; இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

ஆனால் ஆறாம் வகுப்பில் காலடி வைக்கும் குழந்தை, தொலைவிலுள்ள பள்ளிக்கு முன்னிலும் சீக்கிரமாகப் புறப்பட வேண்டிய அந்த வயதிலேயே, பள்ளியில் கிடைத்துவந்த காலை உணவை இழந்துவிடுகிறது. அணைந்த அடுப்பை அதன் தாய் மீண்டும் விடியுமுன் மூட்டுகிறாள். மலைக் கிராமங்களிலிருந்து நடந்தும் பேருந்திலும் வரும் மாணவர்களுக்காவது இத்திட்டத்தை மேல் வகுப்புகளுக்கும் நீட்டிக்குமாறு அரசினரை மிக்க பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.