வெண்பனியில் வழுக்கும் சக்கரம்

தமிழில் பனி என்னும் ஒரு சொல்லே புல்நுனியில் நிற்கும் துளியையும், காலையில் கண்ணை மறைக்கும் மூட்டத்தையும், வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கும் வெண்பனியையும் குறிக்கும். முன்னிரண்டும் கதிரவன் எழுந்ததும் அகன்றுவிடும். மூன்றாவது அவ்வாறன்று, அதை வாரித் தள்ளினால்தான் வழி பிறக்கும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரியின் கிழக்குக் கோடியில் பஃபலோ நகரம் உள்ளது. ஏரியின் மேல் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை முகந்து, கரையை அடைந்ததும் வெண்பனியாகக் கொட்டும். 2022 நவம்பரில் அந்நகரை அடுத்த ஆர்ச்சர்ட் பார்க் என்னும் ஊரில் சில நாட்களுக்குள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் பனி விழுந்தது.

பார்வைக்குப் பஞ்சானாலும் வெண்பனி எடை மிக்கது. வீட்டு வாயிலிலிருந்து தெரு வரை 20 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பாதையில் 20 சென்டிமீட்டர் பனி கிடந்தால், அது 12 கன மீட்டர் ஆகும். கன மீட்டருக்கு 100 கிலோ என்று கணக்கிட்டாலும் 1,200 கிலோ. காற்றால் இறுகிய பனியின் எடை இதைப்போல் மும்மடங்கும் ஆகலாம். இதைக் கையால் வாரும்போது மாரடைப்புற்று இறப்பவர்கள் அந்நாட்டில் ஆண்டுதோறும் உண்டு. வாராமல் விட்டாலோ, மருத்துவ வண்டி வாயிலுக்கு வர இயலாது. ஆகவேதான் கோடையில் புல் வெட்டும் தோட்ட டிராக்டரின் முன்னே, குளிர்காலத்தில் ஓர் இரும்புத் தகட்டைப் பூட்டிப் பனியைத் தள்ளுகின்றனர்.

குறை இயந்திரத்தில் இல்லை

தள்ளும்போது பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழல்வதுண்டு. உடனே, இயந்திரத்தின் திறன் போதவில்லை என்று பலர் எண்ணுவர். அது தவறு. 1963-இல் வெளிவந்த ஜான் டீர் 110 என்னும் தோட்ட டிராக்டரின் திறன் 7 குதிரைத்திறன். அதில் பாதி உள்ளுறுப்புகளிலேயே வீணானாலும், மெல்ல நடக்கும் வேகத்தில் 250 கிலோ எடைக்குச் சமமான விசையை அதனால் தர இயலும். ஆனால் அவ்விசையைத் தரை ஏற்க வேண்டுமே!

இயக்கும் சக்கரங்களின் மேலுள்ள எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் வருவதே பிடிப்பு. உலர்ந்த சிமெண்டுத் தரையில் அக்குணகம் ஏறக்குறைய 0.7; இறுகிய பனியில் 0.2, பனிக்கட்டியில் 0.1 அளவே. பின்சக்கரங்களின் மேல் 240 கிலோ இருப்பின், இறுகிய பனியில் கிடைக்கும் தள்ளுவிசை 48 கிலோ மட்டுமே. இயந்திரத்தின் திறனை மும்மடங்காக்கினாலும் இந்த 48 மாறாது. சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், அவ்வளவே. அச்சுழற்சியின் வெப்பம் பனியை உருக்கி, வழுக்கலைக் கூட்டிவிடும்.

எடையை எங்கே வைப்பது?

முன்னே தொங்கும் தகடு உயரும்போது முன்னச்சு சுமையேற்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. இதற்கு மாற்று, பின்னச்சுக்கும் பின்னால் எடையைத் தொங்கவிடுவதே. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 120 சென்டிமீட்டர் இருக்க, பின்னச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னே 50 கிலோவைத் தொங்கவிட்டால், நெம்புகோல் முறைப்படி பின்சக்கரங்களின் மேல் 75 கிலோ கூடும். முன்சக்கரங்களில் 25 கிலோ குறையும். அளவு மீறினால் முன்சக்கரங்கள் திசை திருப்பும் ஆற்றலை இழக்கும்.

டயருக்குள் நீர்மம் நிரப்புவது மற்றொரு முறை. தூய நீர் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடுக் கரைசல் எளிதில் உறையாது. நீரினும் எடை மிக்கது. ஆயினும் சக்கரத்தின் இரும்பை அரித்துவிடும். அரிக்காத பீட் கிழங்குச் சாற்றை நிரப்புவோரும் உளர்.

சங்கிலியின் பங்கு

எடை கூட்டுவதால் வரும் பயன் சிறிது. மேற்கண்ட டிராக்டரில் 60 கிலோ கூட்டினாலும் தள்ளுவிசை 12 கிலோதான் உயரும். குணகத்தையே உயர்த்துவது சங்கிலி. டயரின் இரப்பர் பனியின் மேல் உரசிச் செல்ல, சங்கிலியின் கண்ணிகள் அதைக் கடித்துப் பிடிக்கின்றன. அதே நியூயார்க் மாநிலத்தின் கானஸ்டோட்டா ஊரினரான ஹாரி வீட் என்பவர் 1904-இல் டயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். குறுக்குச் சங்கிலிகள் நெருக்கமாக இருப்பது நலம். இடைவெளி அகன்றால், அவற்றின் நடுவே டயர் இறங்கி வழுக்கும்.

சங்கிலி இரு சக்கரங்களிலும் வேண்டும். பூட்டப்படாத டிஃபரன்ஷியல் இரு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையையே அனுப்பும். ஒரு சக்கரம் வழுக்கினால், நன்கு ஊன்றிய மற்றதும் அந்தச் சிறு விசையையே பெறும்.

பிடிப்பின் விலை

வழுக்கல் ஒருவகையில் காவலுமாகும். சக்கரம் வழுக்கும்போது பல்சக்கரங்கள் தப்புகின்றன. சங்கிலியும் எடையும் கூடிப் பிடிப்பு மிகுந்தபின், புதைந்த கல்லில் தகடு மோதினால் அதிர்ச்சி முழுதும் அவற்றின்மேல் இறங்கும். எனவே பனி இறுகுமுன், சிறிது சிறிதாக, தாழ்ந்த கியரில் தள்ளுவதே முறை. முதல் நாளே பாதையை அகலமாகத் திறப்பதும் வேண்டும். ஓரத்தில் குவித்த பனி இரவில் கல்லாகிவிட்டால், அடுத்த பனிக்கு ஒதுங்க இடமிராது.

பெரிய இயந்திரம் வாங்க எண்ணுபவர் முதலில் நோக்க வேண்டியது சக்கரத்தின் அடியையே. அங்கே பிடிப்பில்லாத வலிமை, எவ்வளவு பெரிதாயினும், நின்ற இடத்தில் சுழல்வதற்கே பயன்படும்.