பைனரிக் கோப்பிலிருந்து எழுத்தைப் பொறுக்கும் ‘ஸ்டிரிங்ஸ்’

மென்பொருளின் இயக்கக் கோப்பை எடிட்டரில் திறந்தால் கட்டமும் கேள்விக்குறியுமாகத் திரை நிறையும். ஆனால் அதே கோப்பில் பிழைச் செய்திகள், கோப்புப் பாதைகள், இணைய முகவரிகள், எழுதியவர் அசட்டையாக விட்டுவைத்த கடவுச்சொல் என்று படிக்கக்கூடியவையும் கிடக்கும். அவற்றை மட்டும் பொறுக்கித் தரும் யூனிக்ஸ் கட்டளைதான் ‘ஸ்டிரிங்ஸ்’. லினக்ஸில் இது குனு பின்யூட்டில்ஸ் தொகுப்போடு வருகிறது.

கட்டளையின் பெயரை அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படித்துக்கொண்டே போகும். மதிப்பு 32 முதல் 126 வரை உள்ள பைட்டுகளும் டேப்பும் அதற்கு எழுத்துகள். நான்கு எழுத்தாவது தொடர்ந்து வந்தால் ஒரு வரியாக அச்சிடும், குறைந்தால் தாண்டிவிடும். லினக்ஸ் இயக்கக் கோப்புகளின் தலையில் ‘ஈஎல்எஃப்’ என்ற முத்திரை இருக்கும். அது மூன்றே எழுத்து என்பதால் பட்டியலில் வருவதில்லை.

நான்கு என்ற வரம்பு குப்பையையும் உள்ளே விடும். 64 பிட் இன்டெல் நிரல்களில் ‘ஏடபிள்யூஏவிஏயூஏடி’ என்ற ஆங்கில எழுத்துக்கோவை திரும்பத் திரும்பத் தென்படும். ரகசியக் குறியீடோ என்று புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஒரு ரெஜிஸ்டரின் மதிப்பை அடுக்கில் சேமிக்கும் ஆணை 65, 87 என்ற இரு பைட்டுகள். அவை ‘ஏ’, ‘டபிள்யூ’ எழுத்துகளின் எண்களும்கூட. அதுதான் விஷயம். ‘என்’ தெரிவில் 8 அல்லது 10 என்று வரம்பை உயர்த்தினால் பெரும்பகுதிக் குப்பை உதிரும். ‘டி’ தெரிவு ஒவ்வொரு வரியும் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சேர்த்துக் காட்டும்.

ஒருகாலத்தில் இந்தக் கட்டளை இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. இயக்கக் கோப்பின் அமைப்பைப் பகுத்தறிந்து, தரவுப் பகுதிகளை மட்டும் தேடியது. வில்லங்கமாகத் தயாரித்த ஒரு கோப்பு அந்தப் பகுப்பு நிரலையே நிலைகுலைய வைக்கும் என்று 2014-இல் பாதுகாப்பு ஆய்வாளர் மிகாவ் சலெவ்ஸ்கி காட்டினார். சந்தேகத்துக்குரிய கோப்பை இயக்காமல் பார்க்கத்தானே இதை நாடுகிறார்கள்! பிறகு முழுக் கோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு படிப்பதே இயல்பாக்கப்பட்டது. கோப்பைப் புரிந்துகொள்ளாமல் இருப்பதே இதற்குப் பலம்.

அந்தக் குருட்டுத் தேடலிலும் பெரிய தடயங்கள் சிக்கும். ஈரானின் நட்டான்ஸ் அணு ஆலையைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, அதன் டிரைவர் கோப்பில் ‘மிர்ட்டஸ்’ என்ற ஃபோல்டரும் ‘குவாவா’ என்ற கோப்புப் பெயரும் கொண்ட பாதை அப்படியே இருந்தது. நிரலைத் தொகுத்த கணினி விட்டுச்சென்ற சுவடு அது. கொய்யா மிர்ட்டஸ் குடும்பத்துச் செடி என்பதால் ஊகங்கள் பல கிளம்பின, எதுவும் உறுதியாகவில்லை.

சுருக்கப்பட்ட கோப்பில் இந்த வித்தை பலிக்காது. இன்றைய வேர்டு ஆவணம் உண்மையில் ஒரு ஜிப் பொதி. உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் தெரியும், கட்டுரை தெரியாது. யூபிஎக்ஸ் என்ற சுருக்கும் கருவி கொண்டு பொதிந்த மென்பொருளும் அப்படித்தான். விண்டோஸ் நிரல்களில் சிக்கல் வேறு: பல இடங்களில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பூஜ்ய பைட் நிற்பதால் தொடர்ச்சி அறுந்துபோகும். ‘இ’ தெரிவில் சின்ன ‘எல்’ கொடுத்தால் அவை கிடைக்கும்.

தமிழ் விஷயத்தில் இயல்பு நிலையில் இது முழுக் குருடு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். மூன்றும் 127-ஐத் தாண்டியவை. ‘இ’ தெரிவில் பெரிய ‘எஸ்’ கொடுத்தால் அவையும் எழுத்தாகக் கொள்ளப்பட்டு, தமிழ் வரிகள் டெர்மினலில் ஒழுங்காகத் தெரியும். கூடவே குப்பையும் பெருகும். அப்போதும் கணக்கு பைட்டில்தான் என்பதால், குறைந்தது நான்கு தமிழ்க் குறியீடுகள் வேண்டுமென்றால் வரம்பை 12 என்று வைக்க வேண்டும்.